விளையாட்டுப் பிள்ளை

"அவன் இன்னும் விளையாட்டுப் பிள்ளைதான்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் ஒருவனைப்பற்றிச் சொல்லும்போது, அதில் பாதி செல்லம், பாதி கவலை. பொறுப்பு வரவில்லை, புத்தி முதிரவில்லை, எதையும் பாரமாக எடுத்துக்கொள்ளமாட்டான் என்பது அதன் பொருள். "விளையாட்டு வினையாகும்" என்று எச்சரிப்பதற்கும் நம்மிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கிறது. மைதானத்தில் பந்து உதைப்பதற்கும், மட்டை பிடிப்பதற்கும், ஓடுவதற்கும், தாண்டுவதற்கும் நாம் வைத்திருக்கும் பெயரும் அந்த விளையாட்டேதான். ஆயினும் மைதானத்தில் இறங்கியவன் சற்றே விளையாடத் தொடங்கிவிட்டால், "இது என்ன விளையாட்டு?" என்று அவனையே கடிந்துகொள்கிறோம். இந்த முரண்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு.

எந்த அணியிலும் இப்படி ஒருவர் இருப்பார். உடை மாற்றும் அறையில் சகபாடிகளின் காலணியை ஒளித்துவைப்பவர் அவர். ஆட்டம் இறுகிப்போய் அனைவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் வேளையில் ஏதோ ஒரு கோணங்கித்தனம் செய்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பவரும் அவரே. பயிற்றுநருக்கு அவர் ஒரு தலையிடி. பத்திரிகை எழுதுவோர் சிலருக்கு அவர் ஒரு ஆபரணம். இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிறவனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் வேறு கதை சொல்வான். அவ்வாறானவர் அணிக்கு வெறும் ஆபரணமா, அல்லது அத்தியாவசியமா? இக்கேள்விக்குப் பிறேசில் நாட்டு உதைபந்தாட்ட வீரர் ஒருவருடைய வரலாற்றைக் காட்டிலும் தெளிவான விடை வேறெங்கும் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

அவருடைய முழுப்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டொஸ் சாண்டோஸ். உலகம் அவரை அறிந்தது கரிஞ்சா என்ற பெயரால். கரிஞ்சா என்பது அந்த நாட்டில் ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயர். தம்பி உருவத்தில் சிறியவனாக இருப்பதைக் கண்டு மூத்த சகோதரி இட்ட செல்லப்பெயர் அது, கடைசிவரையில் நிலைத்துவிட்டது.

நெசவாலைச் சிறுவன்

ரியோ டி ஜனீரோ நகரத்திலிருந்து சற்றுத் தொலைவில், மலையடிவாரத்திலே பாவு கிராண்டே என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரென்று சொல்வதைவிட ஒரு நெசவாலையின் குடியிருப்பு என்று சொல்வதே பொருந்தும். 1933 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 28 ஆம் திகதி அங்கே பிறந்தார் கரிஞ்சா. பிறவியிலேயே கால்கள் கோணலானவை. வலது கால் உட்புறமாக வளைந்திருந்தது. இடது கால் வெளிப்புறமாக வளைந்திருந்தது. போதாக்குறைக்கு ஒரு கால் மற்றதைவிட ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் குட்டை. இரண்டு கால்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து காற்றில் வளைந்த நாணல்கள் போல் இருக்கும். இப்படிப்பட்ட கால்களோடு ஒருவர் பந்தாட வருகிறார் என்றால் நாமாக இருந்தாலும் இரக்கத்தோடுதான் பார்த்திருப்போம்.

பறவைகளைப் பிடிப்பது, ஆற்றில் மீன் பிடிப்பது, குளிப்பது, பந்து உதைப்பது — இவைதாம் சிறுவனின் தொழில்கள். 1950 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி ரியோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கிண்ணத்துக்கான கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் 2க்கு 1 என்ற கணக்கில் பிறேசில் தோற்றது. நாடே இழவு வீடாயிற்று. அன்று 16 வயதுச் சிறுவனான கரிஞ்சா வானொலியருகில் இருக்கவில்லை. மீன் பிடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஊரார் ஏன் அழுகிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லையாம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரூய் காஸ்ட்ரோ சொல்லும் செய்தி இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊர்ச் சிறுவர்களைப் போல அவரும் நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அவர் சூரர் அல்லர். பஞ்சுப் பெட்டிகளுக்குள் படுத்து உறங்கினார் என்று கதை. ஆலை அவரை வெளியே அனுப்பியது. ஆலையின் உதைபந்தாட்டக் கழகம் அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது. தறியருகே அவர் ஒரு சுமை. ஆனால் வாரம் முழுவதும் இரைச்சலிலும் தூசியிலும் உழைத்த தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமையன்று சிரிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தைக் கொடுக்கக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

பெரிய கழகங்களைத் தேடிச் சென்று ஆடிக் காட்டும் ஆவலும் அவருக்குப் பெரிதாக இருந்ததில்லை. ஒரு கழகத்துக்குக் காலணி இல்லாமல் போனார். இன்னொன்றில் ஊருக்குப் போகும் கடைசி இரயிலைத் தவறவிடக்கூடாதென்று தேர்வு முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டார். 1953 இல் யாரோ வற்புறுத்தி அவரைப் பொட்டபோகோ கழகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அவரைத் தடுக்கும் பொறுப்பு நில்டன் சாண்டோஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறேசில் தேசிய அணியின் இடது பின்காப்பாளர் அவர். உதைபந்தாட்டத்தின் கலைக்களஞ்சியம் என்று ரசிகர்கள் அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தார்கள். கோணல்கால் இளைஞர் அந்தக் கலைக்களஞ்சியத்தின் இரு கால்களுக்கிடையே பந்தை உருட்டிவிட்டு மறுபுறம் போய் எடுத்துக்கொண்டார்.

இங்கே நில்டன் சாண்டோஸின் பெருந்தன்மையைக் கவனிக்கவேண்டும். மானம் போயிற்றே என்று அவர் சீறவில்லை. இவனைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், எதிரணியில் இவனைச் சந்திக்க நான் விரும்பவில்லை என்று கழகத்தாரிடம் சொன்னார். கேலிக்கு ஆளானவரே அதன் மதிப்பை முதலில் உணர்ந்தார்.

தெரிந்த தந்திரம்

கரிஞ்சாவின் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே தந்திரந்தான். வலது ஓரத்தில் பந்தோடு வருவார். தடுப்பவர் முன்னே நின்றுவிடுவார். பந்து அசையாது கிடக்கும். அவருடைய உடல் மட்டும் இடப்பக்கம் சாயும், தடுப்பவரும் சாய்வார். உடல் திரும்பி நிமிரும், தடுப்பவரும் நிமிர்வார். பந்து அங்கேயே கிடக்கும். மறுபடியும் ஒரு சாய்வு. தடுப்பவரின் பாரம் முழுவதும் ஒரு காலில் விழுந்த அந்தக் கணத்தில் கரிஞ்சா வலப்பக்கமாகப் பறந்துவிடுவார். எப்போதும் வலப்பக்கந்தான். உள்ளூர்க் காப்பாளர் அனைவருக்கும் அது தெரியும், பார்வையாளருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் தடுக்கமுடியவில்லை. எத்தனையாவது சாய்வில் அவர் பாய்வார் என்பது அவருக்கே தெரியாதபோது எதிரிக்கு எப்படித் தெரியும்?

பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு அங்கேதான் பிறந்தது. என்ன நடக்கப்போகிறது என்பது மைதானத்தில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அது நகைச்சுவை நாடகமே அல்லவா? சார்லி சாப்ளினின் படங்களில் வாழைப்பழத் தோல் நிலத்தில் கிடப்பது நமக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. கரிஞ்சாவின் நாடகத்தில் வருகிறவருக்கும் தெரிந்திருந்தது என்பது ஒரு படி மேல்.

தம்மை எதிர்த்து நின்ற ஒவ்வொருவரையும் அவர் "ஜோவாவ்" என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அந்த நாட்டில் அது கந்தசாமி, முருகேசு என்பது போல எங்கும் காணக்கூடிய ஒரு பெயர். எதிரியை அவமதிக்கும் செருக்கு இது என்று சிலர் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எதிரே நிற்பவர் உலகப் புகழ் பெற்றவரா, ஊர்ச் சிநேகிதனா என்பதில் அவருக்கு வேற்றுமை இருக்கவில்லை என்பதே உண்மை. 1960 இல் புளுமினென்ஸ் கழகத்தோடு நடந்த ஆட்டமொன்றில் எதிரணிப் பின்காப்பாளர் பின்யேரோ தசை பிடித்து விழுந்துவிட்டார். பந்து கரிஞ்சாவின் காலில் இருந்தது. கோல் காப்பாளரைத் தவிர முன்னே எவருமில்லை. கரிஞ்சா பந்தை வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே உதைத்துவிட்டார், விழுந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கட்டும் என்று. எதிரணியினர் பந்தை உள்ளே எறியும்போது அதைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளாது பொட்டபோகோவினரிடமே சேரும்படி விட்டார்கள். இன்று உலகமெங்கும் மைதானங்களில் நாம் காணும் ஒரு மரியாதை, பிறேசிலில் அன்று தொடங்கியது என்கிறார்கள். எதிரியை வெறுப்பவனுக்கு இப்படி ஓர் எண்ணம் அந்தக் கணத்தில் தோன்றாது.

1958 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னே பொட்டபோகோ அணி மெக்சிக்கோ நகரில் ஆர்ஜென்டீனாவின் ரிவர் பிளேற் கழகத்தோடு ஆடியது. கரிஞ்சாவைத் தடுக்க நின்றவர் வைரோ என்ற அனுபவசாலி. அவர் ஒவ்வொரு முறை ஏமாறும்போதும் கூட்டத்தினர் "ஓலே!" என்று முழங்கினர். காளைப்போர் அரங்கில், பாயும் காளையை வீரன் துணியசைத்து ஏய்க்கும்போது எழும் கோஷம் அது. ஒரு கட்டத்தில் கரிஞ்சா பந்தை விட்டுவிட்டு வெறுங்காலோட்டம் ஓட, வைரோவும் பின்னே ஓடினாராம். பந்து மட்டும் புல்லில் தனியே கிடந்தது. அன்றைய பொட்டபோகோ பயிற்றுநர் ஜோவாவ் சல்டானா பிற்காலத்தில் இதைப் பல இடங்களில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். வைரோ சிரித்துக்கொண்டேதான் களத்தை விட்டு வெளியேறினார் என்றும் அவர் சொல்வார்.

பரீட்சையில் தோற்றவர்

இப்போது 1950 ஆம் ஆண்டின் அந்த இழவு வீட்டுக்குத் திரும்புவோம். தோல்விக்குப் பின் பிறேசில் நாட்டுப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நம் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது, மனவுறுதி இல்லை; முக்கியமான வேளையில் உடைந்துபோகிறார்கள். 1954 இல் ஹங்கேரியுடன் நடந்த ஆட்டம் தோல்வியோடு கைகலப்பிலும் முடிந்தது. அந்த அபிப்பிராயம் இன்னும் வலுவடைந்தது. எனவே 1958 இல் சுவீடனுக்குப் புறப்பட்ட அணியோடு பல்வைத்தியர் முதல் மனோதத்துவ நிபுணர் வரை பலரைச் சேர்த்தார்கள். கட்டுப்பாடு, ஒழுங்கு, முதிர்ச்சி — இவைதாம் அன்றைய மந்திரம்.

மனோதத்துவ நிபுணரின் பெயர் ஜோவாவ் கார்வல்யேஸ். வீரர்களுக்கு அவர் பரீட்சை வைத்தார். 123 புள்ளிகளுக்குக் கரிஞ்சா பெற்றது 38. நகரத்தில் பஸ் ஓட்டுவதற்குத் தேவையான புள்ளிகளைக்கூட அவர் எட்டவில்லை! 17 வயதுப் பெலேயும் அந்த நிபுணரிடம் தேறவில்லை. சிறுபிள்ளைத்தனம் மாறவில்லை, போராடும் உணர்ச்சி போதாது என்று எழுதிவிட்டார். இருவரும் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை அறிந்த நமக்கு அந்த அறிக்கை நல்ல நகைச்சுவை. ஆயினும் நிபுணரைப் பரிகசிப்பதோடு நின்றுவிடுவது நியாயமன்று. அவர் அளந்தது பொய்யில்லை. கரிஞ்சா சிறுபிள்ளைதான். அந்தச் சிறுபிள்ளைத்தனத்தால் அணிக்கு என்ன பயன் என்பதை அளக்கும் கோல் மட்டும் அவரிடம் இருக்கவில்லை.

கரிஞ்சாவும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சேர்த்தார். சுவீடன் செல்லும் வழியில் இத்தாலியில் பியோரென்டீனா கழகத்தோடு ஓர் ஒத்திகை ஆட்டம் நடந்தது. தடுத்தவர்களையெல்லாம் கடந்து, கோல் காப்பாளரையும் கடந்து, வெறுங் கோலுக்கு முன்னே வந்தவர், பந்தை உள்ளே தட்டவேண்டியதுதானே? தட்டவில்லை. பின்னே ஓடிவந்த ஒருவருக்காகக் காத்து நின்றார். அவர் வந்ததும் அவரையும் ஒருமுறை ஏய்த்துவிட்டு, ஆறுதலாகப் பந்தோடு கோலுக்குள் நடந்து போனார். 4க்கு 0 என்று பிறேசில் வென்றது. ஆனால் சகபாடிகளே வெகுண்டார்கள். உலகக் கிண்ணத்தில் இப்படிச் செய்தால்?

கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் ஆனந்தத்துக்காகப் பத்துப் பேருடைய உழைப்பைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கேளிக்கை வீரரை அணியில் வைத்திருப்பதற்கு உண்மையாகவே ஒரு விலை உண்டு. அந்த விலையை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது ரசிகனுடைய பலவீனம். நானும் அதற்கு விலக்கல்லன்.

முதலிரண்டு ஆட்டங்களிலும் கரிஞ்சா வெளியே உட்கார்ந்திருந்தார். ஒஸ்திரியாவைப் பிறேசில் 3க்கு 0 என வென்றது. இங்கிலாந்தோடு கோலின்றிச் சமநிலை. மூன்றாவது ஆட்டம் சோவியத் அணியோடு. தோற்றால் நிலைமை ஆபத்து. மூத்த வீரர்கள் போய்ப் பயிற்றுநர் பியோலாவிடம் கரிஞ்சாவுக்காக மன்றாடினார்கள் என்பது பிரசித்தமான கதை. இல்லை, அது பயிற்றுநரின் சொந்த முடிவே என்பாரும் உண்டு. எவ்வாறாயினும் 1958 யூன் 15 ஆம் திகதி கொதென்பேர்க் நகரில் கரிஞ்சா களமிறங்கினார். பெலேக்கும் அதுவே முதல் உலகக் கிண்ண ஆட்டம்.

அந்த ஆட்டத்தைப்பற்றி இன்னொரு கதையும் உண்டு. உண்மையோ கற்பனையோ, பிறேசிலில் அது பழமொழியாகவே வழங்குகிறது. பயிற்றுநர் கரும்பலகையில் கோடு போட்டு, இவர் இவருக்குப் பந்தைக் கொடுக்கவேண்டும், அவர் இப்படிப் போகவேண்டும், அங்கே கோல் விழும் என்று விளக்கினாராம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட கரிஞ்சா, "இதையெல்லாம் ருஷ்யரோடும் பேசி முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாராம்.

மூன்று நிமிடங்கள்

சோவியத் அணி விஞ்ஞான முறையில் பயிற்சி பெற்றது என்று அன்று உலகம் அஞ்சியது. கோலில் நின்றவர் லெவ் யாஷின். அவருக்கு மேலான காப்பாளர் அன்று எவருமில்லை. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடமாகவில்லை. கரிஞ்சா வலது ஓரத்தில் பந்தைப் பெற்றார். அதே சாய்வு, அதே நிமிர்வு. தடுக்க வந்த குஸ்னெற்சோவ் தடுமாறினார். கரிஞ்சா உதைத்த பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. மறு நிமிடம் பெலே உதைத்தது மேற்கம்பத்தில் மோதியது. மூன்றாம் நிமிடத்தில் டிடி கொடுத்த பந்தை வவா கோலாக்கினார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கபிரியேல் ஹானோ, உதைபந்தாட்ட வரலாற்றிலேயே தலைசிறந்த மூன்று நிமிடங்கள் இவை என்று வர்ணித்தார். முடிவில் 2க்கு 0.

அந்த மூன்று நிமிடங்களில் நடந்ததென்ன? பார்வையாளர் சிரித்தார்கள் என்பது மட்டுமன்று. ஒருவரைத் தடுக்க ஒருவர் போதாது என்று கண்ட சோவியத் அணி, இருவரை அனுப்பியது. சில வேளை மூவரை. ஓரத்தில் இருவர் கூடினால் நடுவில் ஒருவர் குறைவார் என்பது கணக்கு. அந்தக் குறைவில்தான் வவாவும் டிடியும் பெலேயும் மூச்சுவிட இடம் கண்டார்கள். இன்னொன்று கணக்கில் அடங்காதது. எட்டு ஆண்டுகளாகத் தோல்வியின் நினைவைச் சுமந்து நடந்த ஓர் அணி, அச்சமென்றால் என்னவென்றே அறியாத ஒருவர் வலது ஓரத்தில் குதூகலமாக விளையாடுவதைக் கண்டது. 1950 இல் அழுத நாட்டில், அன்று மீன் பிடிக்கப் போன ஒருவர் இருந்தார் அல்லவா? அவருக்கு மறக்கவேண்டிய துயரம் எதுவும் இருக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் சற்று மறந்தார்கள் என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறது.

யூன் 29 ஆம் திகதி இறுதியாட்டம். சுவீடன் முதலில் கோல் போட்டுவிட்டது. பழைய பிறேசில் என்றால் அப்போதே தளர்ந்திருக்கும். கரிஞ்சா வலது ஓரத்தால் பாய்ந்து எல்லைக்கோட்டருகிலிருந்து பந்தைத் திருப்பி அனுப்பினார், வவா கோலாக்கினார். சற்று நேரத்தில் அதே ஓரம், அதே பாய்ச்சல், அதே வவா. 5க்கு 2 என்று பிறேசில் முதன்முறையாக உலகக் கிண்ணத்தைப் பெற்றது. எல்லோரும் அழுது கட்டித் தழுவியபோது, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று கரிஞ்சா வியந்தாராம். ரியோப் போட்டிகளில் ஒவ்வொரு அணியோடும் இருமுறை ஆடவேண்டும். உலகக் கிண்ணத்தில் அந்த இரண்டாம் சுற்று இல்லையே என்பது அவருக்கு ஏமாற்றம்.

1962 இல் சிலி நாட்டில் கதை இன்னும் வியப்பானது. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமுற்று வெளியேறினார். அணியைத் தூக்கிச் சுமக்கும் பொறுப்பு, பொறுப்பில்லாதவர் என்று பெயரெடுத்தவரின் தோளில் விழுந்தது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள். உயரமில்லாத அவர் தலையால் முட்டிப் போட்டது ஒன்று, தொலைவிலிருந்து வளைத்து உதைத்தது மற்றொன்று. அரையிறுதியில் சிலிக்கு எதிராக மேலும் இரண்டு. கரிஞ்சா எந்தக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று சிலி நாட்டுப் பத்திரிகை ஒன்று தலைப்பிட்டுக் கேட்டது. அந்த அரையிறுதியில் ஓயாமல் உதைபட்டவர் கடைசியில் பொறுமையிழந்து திருப்பி உதைத்து, மத்தியஸ்தரால் வெளியேற்றப்பட்டார். எனினும் இறுதியாட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு ஆடினார், செக்கோசிலோவாக்கியாவை 3க்கு 1 என வென்று பிறேசில் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தில் ஒரு நாய் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. பிடிக்கப்போன கரிஞ்சாவை அது ஏய்த்து ஓடியது. உலகத்தையே ஏய்த்தவரை ஏய்த்த பெருமை அந்த நாய்க்கே உரியது! இங்கிலாந்தின் ஜிம்மி கிறீவ்ஸ் நாலு காலில் தவழ்ந்து போய் அதைப் பிடித்தார். நன்றிக்கடனாக அது அவருடைய சட்டையை நனைத்தது. பின்னர் பிறேசில் அணியினர் சீட்டுக் குலுக்கிப் பார்க்க, நாய் கரிஞ்சாவுக்கே விழுந்தது. ஊருக்கு எடுத்துச் சென்று வளர்த்தார்.

கணக்கு வேண்டுவோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெலேயும் கரிஞ்சாவும் ஒன்றாக ஆடிய எந்தப் போட்டியிலும் பிறேசில் தோற்றதில்லை. தேசிய அணிக்காகக் கரிஞ்சா ஆடியவை 50 போட்டிகள், தோல்வி ஒன்றே. அதுவும் அவருடைய கடைசி ஆட்டம் — 1966 இல் லிவர்பூல் நகரில், ஹங்கேரிக்கு எதிராக, பெலே இல்லாத நாளில்.

ரசிகருக்கு அவர் யார்?

வெற்றியை விரும்பும் ரசிகன் தன் அணியின் பக்கம் மட்டுமே நிற்பான். ஆனந்தத்தைத் தேடிவரும் ரசிகனுக்குப் பக்கம் இல்லை. ரியோவில் எதிர்க்கழக ரசிகர்களும் கரிஞ்சாவைக் காண வந்தார்கள். "மக்களின் ஆனந்தம்" என்று அவருக்குப் பெயர் வந்தது. அப்பெயரால் 1963 இல் ஒரு திரைப்படமும் வெளியாயிற்று. எழுத்தறிவு குறைந்த ஏழைகள் நிறைந்த நாட்டில், கோணல் காலோடு பிறந்து, ஆலையில் துரத்தப்பட்டு, பரீட்சையில் தோற்ற ஒருவர், உலகத்தின் கெட்டிக்காரர்களைப் புல்தரையில் உட்காரவைத்தார் என்றால், அது அவர்களுடைய சொந்த வெற்றியும் அல்லவா? பெலேயை அவர்கள் மன்னராக வணங்கினார்கள். கரிஞ்சாவைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நேசித்தார்கள். அந்த வேற்றுமை இன்றும் பிறேசில் முதியோரின் பேச்சில் உண்டு.

இந்த ஆனந்தம் அவரோடு மறைந்துவிடவும் இல்லை. 2005 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மட்ரிட் நகரில், பார்சலோனாவுக்காக ஆடிய ரொனால்டீனோ சிரித்த முகத்தோடு இரண்டாவது கோலையும் போட்டபோது, ஜென்மப் பகையாளிகளான ரியல் மட்ரிட் ரசிகர்கள் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அவரும் பிறேசில் நாட்டவரே.

கொடுத்தவருக்குக் கிடைத்தது

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் அது பாதிக்கதை. கூட்டத்தைச் சிரிக்கவைப்பவரைப்பற்றி எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். அவருக்குத் துன்பமே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

கரிஞ்சா ஒப்பந்தங்களை வாசிப்பதில்லை. வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். தொகையைக் கழகத்தார் பிற்பாடு நிரப்பிக்கொள்வார்கள். வாழ்நாள் முழுவதும் உதைபட்ட முழங்கால்கள் தேய்ந்துபோயின. கூட்டம் அவரைக் காணவே வந்தது. ஆதலால் ஊசி ஏற்றிக்கொண்டு ஆடினார். சத்திரசிகிச்சைக்குப் பின் பழைய பாய்ச்சல் திரும்பவில்லை. 1965 இல் பொட்டபோகோவை விட்டு நீங்கிய பிறகு கழகம் கழகமாக அலைந்தார். மதுப்பழக்கம் அவரை இளமையிலேயே பற்றியிருந்தது; தந்தையாரையும் அதுவே கொன்றது. மனைவியையும் எட்டுப் பெண்பிள்ளைகளையும் விட்டுப் பாடகி எல்சா சோரெஸோடு சென்றதை அன்றைய சமூகம் மன்னிக்கவில்லை. 1969 இல் அவர் ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் இறந்தார். அதன்பின் கரிஞ்சா முன்போல் ஆகவேயில்லை.

அவருடைய குற்றங்களை மறைப்பது என் நோக்கமன்று. அவற்றால் துன்புற்றவர்கள் பலர். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதாயில்லை. மைதானத்தில் அவர் சிறுபிள்ளையாக இருந்ததற்காகக் கூட்டம் கைதட்டியது. கழகம் பணம் ஈட்டியது. நாடு இரண்டு கிண்ணங்களைப் பெற்றது. மைதானத்துக்கு வெளியேயும் அவர் சிறுபிள்ளையாகவே இருப்பார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாதா? நில்டன் சாண்டோஸ் போன்ற ஓரிரு நண்பர்கள் கூடவே நின்றார்கள். நிபுணரின் அறிக்கை இன்னொரு வகையில் பயன்பட்டிருக்கலாம். இவரை அணியிலிருந்து விலக்குங்கள் என்பதற்குப் பதிலாக, இவருக்குத் துணையாக ஒருவரை வையுங்கள் என்று அதை வாசித்திருக்கலாமே.

1973 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மரக்கானாவில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் ஒன்று நடந்தது. வயது 40, உடல் பருத்திருந்தது. 131,000 பேர் திரண்டு வந்தார்கள். சிறிது நேரம் ஆடிய பின் அவர் மைதானத்தைச் சுற்றி வந்து விடைபெற்றபோது, கூட்டம் எழுந்து நின்றது.

1983 சனவரி 20 ஆம் திகதி, 49 ஆவது வயதில், ஈரல் கெட்டு இறந்தார். உடலை மரக்கானாவுக்கே கொண்டுவந்து, பொட்டபோகோவின் கொடியைப் போர்த்தி வைத்தார்கள். விடிய விடிய மக்கள் வந்தார்கள். மறுநாள் தீயணைப்பு வண்டி ஒன்றில் ஏற்றி, பாவு கிராண்டேயை நோக்கிப் புறப்பட்டார்கள். கடைசி இரயிலைத் தவறவிடக்கூடாதென்று ஒரு காலத்தில் அவர் ஓடிப்போன அதே ஊர். வழி நெடுகிலும் பாலங்களிலும் வேலிகளிலும் சனங்கள் நின்றார்கள். பல கழகங்களின் கொடிகள் தெரிந்தன. ஊரை நெருங்கும்போது கூட்டம் பெருகி, வண்டி நகரமுடியாமல் பலமுறை நின்று நின்றே போயிற்று.